நெடில் இருக்கட்டும்

குக்கரின் அடியில் பிடித்த கரி இன்னும் முழுதாகப் போகவில்லை. புளி கரைத்து ஊற்றி ஊறவைத்தேன். சோடா உப்பு போட்டுக் கொதிக்கவிட்டேன். கம்பி நாரால் தோள் வலிக்கும்வரை தேய்த்தேன். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஜன்னல் திரையை மூக்கருகே கொண்டுபோனால் கருகிய பருப்பின் வாடை வருகிறது. இந்த அசோக் நகர் வீட்டுக்கு நாம் குடிவந்த நாள் முதல் நீ எதையும் கருகவிட்டதாக எனக்கு நினைவில்லை. நீ போய் ஒரு வருடம் நிறைவதற்குள் நான் அதைச் செய்துவிட்டேன். அதைவிடக் கேவலமான ஒன்றையும் செய்துகொண்டிருந்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குக்கர் விசில் அடித்தால் நீ 'ஸ்தோத்திரம்' என்பாய். ஒரு விசிலுக்கு ஒரு ஸ்தோத்திரம். துணி மடித்துக்கொண்டிருந்தாலும் சரி, போனில் உன் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாலும் சரி, பேச்சை நிறுத்தாமலே நடுவில் ஒன்று விழும். கல்யாணமான புதிதில் நான் கேட்டேன், இது ஜெபமா, கணக்கா என்று. "ரெண்டுந்தான். எண்ணுன மாதிரியும் ஆச்சு, அவரக் கூப்ட்ட மாதிரியும் ஆச்சு. உங்களுக்கு இன்னா கஷ்டம்?" என்றாய்.

எனக்குக் கஷ்டம்தான். நான் தெற்கேயிருந்து வந்த சபைக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் வீட்டில் ஜெபம் என்றால் முழங்கால், மூடிய கதவு, இலக்கணம் பிசகாத தமிழ். நீ மயிலாப்பூர்க் கடலோரத்தில் பிறந்தவள். மீன் கழுவும்போதும் ஆண்டவரோடு பேசுவாய். அதுவும் என்ன பேச்சு! "இன்னா ஆண்டவரே, கேஸ் தீந்துக்கினு வருது, நீதான் பாக்கணும்." நான் உள் அறையிலிருந்து தொண்டையைச் செருமுவேன். அது உனக்கான எச்சரிக்கை. நீ குரலைக் கொஞ்சம் தாழ்த்துவாய், பேச்சை நிறுத்த மாட்டாய்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, காலையிலும் மதியத்திலும் நான் உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நிற்பேன். யார் வந்தாலும், எந்த போன் வந்தாலும், 'ஜெபத்தில் இருக்கிறார்' என்று சொல்ல உனக்கு உத்தரவு. நீயும் சொல்வாய். ஆனால் நான் வெளியே வந்ததும் என் முகத்தை ஒரு மாதிரி பார்ப்பாய். "இன்னிக்கு ஜெபம் ரொம்ப பலமா நடந்துக்கினு இருந்துது போல. கன்னத்துல போர்வத் தழும்பு கீது." கட்டில் விளிம்பில் தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன், அதுதான் விஷயம். நான் முறைப்பேன். நீ காபி கொடுப்பாய். அதற்குமேல் நீ அதைப் பெரிதாக்கியதில்லை.

ஒருநாள் மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொன்னாய். நான் ஜெபத்தில் இருந்தபோது வாசலில் பெல் அடித்தது, நீ குளித்துக்கொண்டிருந்தாய். நான் எழுந்திருக்கவில்லை. பெல் அடித்தவர் போய்விட்டார். "உள்ள வா, உள்ள வான்னு அவரக் கூப்புட்டுக்கினே கீறீங்க. பெல் அடிச்சா யாருன்னு மட்டும் கேக்க மாட்டீங்க" என்றாய். உன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தரை நனைகிறது என்று சொன்னேன்.

நம் வீட்டில் நடந்த அந்த ஜெபக்கூட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவராகச் சாட்சி சொல்லி வந்தார்கள். உன் முறை வந்தபோது, "எனுக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது. தேவசமூகம் இந்த வீட்ல கீது, அது மட்டும் தெரியும்" என்றாய். நான் இருந்த இடத்திலிருந்தே திருத்தினேன். "சமுகம். மு குறில்." வாழ்நாள் முழுக்கத் தியாகராய நகர் அச்சகம் ஒன்றில் பிழை திருத்தியவனுக்கு வாய் சும்மா இருக்குமா? சமுகம் என்றால் முன்னிலை, சந்நிதி. சமூகம் என்றால் சனக்கூட்டம். ஆண்டவருடைய சந்நிதி என்று சொல்லவந்தவள் ஆண்டவருடைய கூட்டம் என்று சொல்கிறாய் என்று எல்லாருக்கும் விளக்கம் வேறு கொடுத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "இருக்கட்டுமே. நெடிலாப் போட்டா நாலு பேரு குந்த எடம் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனாய்.

நீ போன பிறகு நான் ஜெபிக்கவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. முழங்காலில் நின்று பார்த்தேன், வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்தன, ஒன்றிலும் பிழை இல்லை. ஆனால் எதிரே யாரும் இல்லாததுபோல் இருந்தது. சமையலறையில் உன் சத்தம் இல்லாமல் அந்த அறையில் என்னால் இருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. சில நாளில் விட்டுவிட்டேன். ஆனால் 'ஜெபத்தில் இருக்கிறேன்' என்று சொல்வதை மட்டும் விடவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. சபையிலிருந்து போன் வந்தாலும் அதுதான், யார் கதவைத் தட்டினாலும் அதுதான். சொல்லிவிட்டு, சத்தத்தை அணைத்துவைத்த டிவியில் பழைய கிரிக்கெட் ஆட்டங்களைப் பார்த்தபடி சோபாவில் கிடந்தேன்.

எதிர் வீட்டு முத்துலட்சுமியும் அவள் கணவர் கணேசனும் உனக்கு எவ்வளவு வேண்டியவர்கள் என்பது உனக்குத் தெரியும். ரங்கநாதன் தெருப் பக்கம் ஜவுளிக்கடையை வைத்துக்கொண்டு மூச்சுவிட நேரமில்லாதவர்கள். அப்படியிருந்தும் தினமும் மதியம் சாப்பிட வீட்டுக்கு வரும்போது ஏதாவது கொண்டுவருவார்கள். நான் உள்ளேயிருந்தே, "ஜெபத்துல இருக்கேன்மா" என்பேன். அவள் தூக்குப் பாத்திரத்தைக் கிரில் கதவில் மாட்டிவிட்டு, சத்தமில்லாமல் போவாள். அவர்கள் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகு நான் மெல்லத் திறந்து எடுத்துக்கொள்வேன். திருடன்கூட அவ்வளவு பதுங்க மாட்டான்.

நம் ஆயர் ஒருநாள் என்னைப் பார்க்க வந்தபோதும் இதுதான் நடந்தது. முத்துலட்சுமி அவரிடம், சார் எப்பவும் ஜெபத்துலதான் இருக்காங்க என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு அவர் பிரசங்கத்தில் அதை எடுத்துக்கொண்டார். அன்றாட வாழ்வில் ஆண்டவருடைய பிரசன்னத்தைத் தேடுவது எப்படி என்பது பொருள். துக்கத்திலும் நாள் முழுவதும் தேவசமுகத்தில் காத்திருக்கும் ஒரு மூப்பர் நம் நடுவே இருக்கிறார் என்றார். மு குறில், சரியாகத்தான் சொன்னார். ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் வந்து என் கையைப் பிடித்துக் கண்ணீர்விட்டார்கள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஐயா, நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அதைச் சொல்லாமல் வீட்டுக்கு வந்து, பேன்ட்டைக்கூட மாற்றாமல் படுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு முத்துலட்சுமியின் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. நானே சமைத்துக்கொள்கிறேன் என்று காகிதத்தில் எழுதிக் கிரில் கதவில் மாட்டினேன். பாரேன், அதைக்கூட முகத்துக்கு நேரே சொல்லவில்லை. மதியம் குக்கரில் பருப்பைப் போட்டேன், மஞ்சள் தூள் போட்டேன், மூடி போட்டேன், அடுப்பில் ஏற்றினேன். மூன்று விசில் என்று நீ சொல்வது நினைவிருந்தது. டிவி முன்னால் படுத்துக்கொண்டு விசிலுக்குக் காத்திருந்தேன். தண்ணீர் ஊற்றவில்லை என்பது எனக்குத் தெரியாது. தண்ணீர் இல்லாத குக்கர் விசில் அடிக்காது என்பதும் தெரியாது.

கண் அயர்ந்துவிட்டேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. கணேசன் குரல். "அண்ணாச்சி, ஏதோ கருகுத வாடை வருது."

பாதித் தூக்கத்தில் என் வாய் தானாகச் சொன்னது. "ஜெபத்துல இருக்கேன்."

தட்டுவது நின்றது. வெளியே இருவரும் கிசுகிசுப்பாகப் பேசிக்கொள்வது கேட்டது. "ஏங்க, சும்மா நில்லுங்க. ஜெபம் முடியட்டும். சாமி முன்னால இருக்காங்கல்லா" என்றாள் முத்துலட்சுமி. "பொக வருதே பிள்ள" என்றார் கணேசன். "இந்தா முடிச்சிருவாங்க. நீங்க பைய நில்லுங்க."

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கூடம் முழுக்கப் புகை. எழுந்து ஓடிப்போய், அடுப்படிக்குப் போகத் தோன்றாமல், கதவைத் திறந்தேன். இரண்டு பேரும் வராந்தாவில் நின்றிருந்தார்கள். முத்துலட்சுமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தாள். செருப்புகளைக் கழற்றிச் சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டு, வெறுங்காலோடு நின்றார்கள். என் கதவுக்கு வெளியே. நான் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நம்பி.

அந்தக் கால்களைப் பார்த்தேன் பார், அப்போது என் உடம்பெல்லாம் கூசிப்போனது. நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று மற்றவர்கள் எழுதியபோது நான் அதைத் தேய்ந்த வாசகம் என்று அடித்திருக்கிறேன். அன்று எனக்கு அதைவிட்டால் வேறு சொல் இல்லை.

முத்துலட்சுமி என்னைத் தாண்டி ஓடி அடுப்பை அணைத்தாள். ஜன்னல்களைத் திறந்தாள். கணேசன் கூடத்துக்கு வந்து நின்றார். டிவியில் யாரோ சத்தமில்லாமல் பந்து வீசிக்கொண்டிருந்தார்கள். சோபாவில் என் தலையணை, என் போர்வை, தரையில் ரிமோட். அவர் எல்லாவற்றையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கன்னத்தில் தழும்பும் இருந்திருக்கும். அவர் ஏதாவது கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று நின்றேன்.

அவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஸ்கோர் என்ன அண்ணாச்சி?" என்றார்.

"பழைய மேட்ச்" என்றேன். "நான் ஜெபத்துல இல்ல, கணேசன். ரொம்ப நாளாவே இல்ல."

அவர் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சரி இருக்கட்டும், உக்காருங்க" என்றார். நான் உட்கார்ந்தேன். முத்துலட்சுமி கருகிய குக்கரைத் தொட்டியில் போட்டுவிட்டு, தன் வீட்டில் பருப்பு வைக்கப் போனாள். நானும் கணேசனும் முடிவு தெரிந்த அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில், இரண்டு வீட்டுக் கதவும் திறந்து கிடந்ததால், அங்கே விசில் அடிப்பது இங்கே நன்றாகக் கேட்டது. கூடவே அவள் குரல். "தோத்திரம்."

இரண்டாவது விசில். "தோத்திரம்." சாப்பாடு கொண்டுவந்தவளிடம் கேட்டேன், இதை எங்கே பிடித்தாய் என்று. "அக்கா சொல்லித் தந்ததுதான் அண்ணாச்சி. இதச் சொன்னா விசில் கணக்கு தப்பாதுன்னாங்க. உண்மைதான், தப்பல. அப்படின்னா என்ன அண்ணாச்சி?"

"ஆண்டவருக்கு நன்றின்னு வச்சுக்கம்மா" என்றேன்.

"அப்ப நல்ல வார்த்ததான்" என்று சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டாள். நான் தலை குனிந்து சாப்பிட்டேன். ஸ்தோத்திரம் என்று முழுதாகச் சொல்லித் திருத்த எனக்குத் தோன்றவேயில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. உன்னிடம் சொல்வதால் பூசி மெழுகாமல் சொல்கிறேன், அது அழுகையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த உள் அறையில் இத்தனை வருடம் முழங்காலில் நின்றும் அப்படி ஒருநாளும் இருந்ததில்லை.

ஆயரிடமும் சொல்லிவிட்டேன். போனில் சொல்லாமல் நேரில் போய்ச் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார். ஞாயிறு ஆராதனைக்குப் போனால் இன்னும் முகம் நிமிரவில்லை. கையைப் பிடித்துக் கண்ணீர்விட்ட அந்த இரண்டு பேரைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறேன். அந்தக் கூச்சம் போகாது என்று நினைக்கிறேன், குக்கர் அடியில் உள்ள வட்டம் மாதிரி. போகாவிட்டால் பரவாயில்லை. மதியம் பெல் அடித்தால் எழுந்துபோய்த் திறக்கிறேன். எதிர் வீட்டில் விசில் அடித்தால் இங்கேயிருந்து ஒரு ஸ்தோத்திரம் சொல்கிறேன். இப்போதைக்கு என் ஜெபம் அவ்வளவுதான்.

உன் நினைவு நாள் வருகிறது. ஜெபக்கூட்டத்தை ஆலயத்தில் வைக்காமல் வீட்டிலேயே வைக்கப்போகிறேன். முத்துலட்சுமி கேசரி செய்கிறாளாம். மாடியில் இருப்பவர்களையும் கூப்பிட வேண்டும் என்கிறாள். அதற்காக அட்டை அடிக்க நம் பழைய அச்சகத்துக்கே எழுதிக் கொடுத்தேன். நேற்று ப்ரூஃப் வாட்ஸ்அப்பில் வந்தது. உன் படம், உன் பெயர், அதன் கீழே, 'தேவசமூகத்தில் இளைப்பாறுகிறார்.' மூ நெடில். நான் குறில்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். டைப் செய்த பெண்ணுக்கு, பாவம், கைக்குப் பழகிய சொல் அதுதான்.

என் விரல் தானாகவே அந்த எழுத்துக்குப் போனது. சபையில் எல்லாருக்கும் கண்ணில் படும். ஊரார் பிழையெல்லாம் திருத்தினவர், பெண்டாட்டி அட்டையில் கோட்டைவிட்டார் என்று சிரிப்பார்கள். அச்சு வேலையில், ஒன்றைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிடச் சொல்ல ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவோம். அந்த எழுத்தை வட்டமிட்டு, அதைத் தட்டி அனுப்பினேன்.

அந்தப் பெண் உடனே கூப்பிட்டாள். எனக்குக் கீழே தொழில் பழகியவள்தான். "சார், இப்பதான் கவனிச்சேன், மூ நெடில் விழுந்திருக்கு. நீங்க இருக்கட்டும்னு போட்டிருக்கீங்க. அது பிழைதானே சார்?"

"ஆமாம்மா, பிழைதான்" என்றேன். "இருக்கட்டும். நாலு பேரு குந்தணும்."