பனி மண்ணில் பொன்னேர்

ஸ்லோவாக்கியா
மார்ச் 9, ஞாயிறு

அன்பு செல்விக்கு,

நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூக்கு ஒழுகுகிறது, விரல் நுனி விறைத்துப் போயிருக்கிறது. மற்றபடி நலம். நீயும் பூஜாவும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் இந்த ஏற்பாடு. தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீயும் அப்படியே செய். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே பேச முடியாது. நம் இருவருக்கும் அது நல்லது.

இரண்டு வருஷத்துக்கு என்று சொல்லி இந்தப் பிளாண்ட்டுக்கு அனுப்பினார்கள். ஜூனோடு முடிகிறது. இன்னும் மூன்று வருஷம் இருப்பதென்றால் குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம். உங்கள் பெயரை மே முப்பத்தொன்றுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். போன மாதக் கடைசியில் இதைத்தான் போனில் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "அங்க ஒரு கொத்து கறிவேப்பிலை கெடைக்குமா?" என்று கேட்டு வைத்துவிட்டாய். பத்து நாளாக அது காதிலேயே இருக்கிறது.

சரி, அதற்குப் பதில் சொல்கிறேன். என் வாடகை வீட்டுக்குப் பின்னால் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு மண் இருக்கிறது. வீட்டுக்காரர் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டார். நீ வந்து இறங்கும்போது அதில் வெண்டை, அவரை, புடலை, தண்டுக்கீரை எல்லாம் நிற்க வேண்டும். கறிவேப்பிலைக்குத் தனியாக ஒரு தொட்டி, வீட்டுக்குள் சன்னல் ஓரமாக.

இன்று காலை மண்வெட்டி போட்டேன். டங் என்றது. மேலே சேறு, ஒரு சாண் கீழே இன்னும் உறைந்து கிடக்கிறது. இந்த வருஷம் குளிர் போகவே மாட்டேன் என்கிறது என்று இந்த ஊர்க்காரர்களே அலுத்துக்கொள்கிறார்கள். எங்கள் வம்சத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு மண் வெட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஒரகடம் பிளாண்ட்டிலிருந்து தமிழ்வாணன் இருபத்தைந்தாம் தேதி இங்கே வேலைக்குக் கிளம்புகிறான். அவனிடம் விதை கொடுத்தனுப்பு.

அன்புடன்,
பாபு


மண்ணூர்
மார்ச் 16, ஞாயிறு

அன்புள்ள பூஜா அப்பாவுக்கு,

நாங்கள் நலம். அதாவது, பூஜாவுக்கு அஞ்சாம் வகுப்புப் பரீட்சை, அத்தைக்கு முழங்கால் வலி, எனக்கு இந்த வாரமும் பி ஷிப்ட். என்றைக்காவது வேறு எதையாவது எழுத முடிகிறதா பார்ப்போம்.

விதை வாங்கிவிட்டேன். ஸ்ரீபெரும்புதூர் விதைக்கடைக்காரர் எத்தனை சென்ட் என்று கேட்டார். இரண்டு கட்டில் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். அவரை மட்டும் கடையில் வாங்கியதில்லை. நம் குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் அத்தை வைத்த கொடியில் முற்றவிட்டு எடுத்தது.

அத்தை விதை மூட்டையில் ஒரு மஞ்சள் துண்டையும் முடிந்து வைத்திருக்கிறார். உங்கள் வீட்டு வழக்கம் எனக்கா தெரியாது? சித்திரை ஒன்றாம் தேதி பொன்னேர் பூட்டி முதல் விதை போடாமல் உங்கள் ஆட்களுக்கு வருஷம் பிறக்காது. நிலமெல்லாம் கம்பெனிக்குப் போன பிறகும், வாசலில் ஒரு பெயின்ட் வாளியில் மண் போட்டு, கரண்டிக்குப் பொட்டு வைத்து, நாலு விதையாவது ஊன்றினால்தான் அன்றைக்குச் சாப்பாடு. "அவன்கிட்ட சொல்லு, நாள் தவறாம போட்டுடணும். எந்த ஊரா இருந்தா இன்னா, மண்ணு மண்ணுதான்" என்று மூன்று முறை சொல்லிவிட்டார். சொல்லிவிட்டேன்.

கறிவேப்பிலை சும்மா வாயில் வந்தது. அதை இவ்வளவு தூரம் பிடித்துக்கொள்வீர்கள் என்று நினைக்கவில்லை. எனக்கு அன்றைக்குச் சொல்ல வேறு இருந்தது, ஆனால் கம்பெனி பஸ் வந்துவிட்டது.

லைனில் என்னை லீடர் ஆக்குவதாகப் பேச்சு அடிபடுகிறது. ஆன பிறகுதான் நிச்சயம். இங்கே இப்போதே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உங்கள் குளிரில் கொஞ்சம் தமிழ்வாணனிடமே திருப்பி அனுப்புங்கள்.

உங்கள்,
மாரிசெல்வி


ஸ்லோவாக்கியா
ஏப்ரல் 15, செவ்வாய்

அன்பு செல்விக்கு,

நேற்று பொன்னேர் பூட்டியாயிற்று! அம்மாவிடம் சொல்லிவிடு.

காலை ஷிப்டுக்குப் பர்மிஷன் போட்டேன். காரணம் கேட்டார்கள். புது வருஷம் என்றேன். ஏப்ரலிலா என்று சிரித்தார்கள். மண்வெட்டியைக் கழுவி மஞ்சளை அரைத்துத் தடவி, பொட்டு வைத்தேன். கற்பூரம் மூன்று தரமும் அணைந்துவிட்டது, அப்படி ஒரு காற்று. நாலாவது தரம் கையால் பொத்திக்கொண்டு கிழக்கே பார்த்துக் கும்பிட்டேன். கிழக்கு எது என்று போனில்தான் பார்க்க வேண்டியிருந்தது, சூரியன் வந்தால் அல்லவா!

அப்போது குளிர் மூன்று டிகிரி. பக்கத்து வீட்டு மிலான் வேலிக்கு அந்தப்புறம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். என்னோடு பிளாண்ட்டில் பெயின்ட் ஷாப்பில் வேலை செய்கிறவன். விதையைக் கையில் எடுத்ததும் இரண்டு கையையும் ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்றான். மே மாதம் பன்னிரண்டிலிருந்து மூன்று நாள் உறைபனி வருமாம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சாமியார் பெயர், மூன்று பேரையும் சேர்த்து ‘உறைந்த மனிதர்கள்’ என்கிறார்கள். அவர்கள் போகும்வரை வெயிலை நம்பி எதையும் வெளியே வைக்கக் கூடாதாம். அவர்களுக்கு அவர்கள் சாமியார், எனக்கு என் சித்திரை என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். ஒரு விதை மிச்சம் வைக்கவில்லை. நாள் பார்த்துப் போட்டது, முளைக்காமல் எங்கே போகும்? மேலே பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருக்கிறேன்.

நீ போன கடிதத்தில் வருவதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. கடைக்காரர் பார்த்த பார்வையை எழுத இடம் இருந்தது. அன்றைக்குச் சொல்ல இருந்தது என்ன? மே முப்பத்தொன்று தூரத்தில் இல்லை, செல்வி. ஆபீஸில் தினமும் கேட்கிறார்கள். வருகிறாயா, இல்லையா?

அன்புடன்,
பாபு


மண்ணூர்
ஏப்ரல் 27, ஞாயிறு

அன்புள்ள பூஜா அப்பாவுக்கு,

லீடர் ஆக்கிவிட்டார்கள். நாற்பத்திரண்டு பெண்கள் என் பொறுப்பில். பாதிப் பேர் தெற்கத்திப் பிள்ளைகள், ஊரை நினைத்து வாரத்துக்கு ஒருத்தி பாத்ரூமில் அழுகிறாள். நேற்று தங்கமாரி என்றொரு புதுப் பெண், ஷூவைக் கழற்றிவிட்டு "யக்கா, எனக்கு ஏலல, நின்னு நின்னு காலு ரெண்டும் போச்சு" என்றாள். அது எங்கள் ஊர்ப் பேச்சு. போய் இரண்டு நிமிஷம் உட்கார் என்றேன். சூப்பர்வைசர் என்னைப் பிடித்துக் காய்ச்சிவிட்டார். லீடர் என்றால் இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆனாலும் பிடித்திருக்கிறது. அலுப்பாக இருக்கிறது, பிடித்தும் இருக்கிறது.

அன்றைக்குச் சொல்ல இருந்ததைக் கேட்டீர்கள். எழுதுகிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

நான் கோவில்பட்டிப் பக்கமிருந்து பத்தொன்பது வயதில் ஒரு பெட்டியோடு இங்கே வந்து ஹாஸ்டலில் இறங்கினேன். நான் பேசினால் சிரிப்பார்கள். அதனால் பேசுவதையே விட்டேன். நம் கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் அம்மாவே பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாவிடம், "இன்னாமோ பேசுது, எனக்கு பாதி பிரியவே மாட்டேங்குது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. ஷேர் ஆட்டோக்காரனிடம் அவன் பாஷையிலேயே சண்டை போட எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. சிரிக்காதீர்கள். முதல் முறை போட்ட அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

அங்கே வந்தால் மறுபடி ஊமை. ரொட்டிக் கடையில் விரலைக் காட்டி வாங்க வேண்டும். உங்கள் ஷிப்ட் முடிகிறவரை சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்குத் தெம்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. அதுதான் சொல்ல இருந்தது.

வரமாட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு தரமாவது, இங்கே திரும்பி வருவதைப் பற்றி யோசித்தீர்களா? அத்தை வேறு, "இட்டுகினு போறேன்றான், நீ மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீறியே" என்கிறார். என் மூஞ்சி தூக்கித்தான் இருக்கிறது, என்ன செய்ய?

முளை வந்ததா?

உங்கள்,
மாரிசெல்வி


ஸ்லோவாக்கியா
மே 15, வியாழன்

அன்பு செல்விக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்.

வெண்டையும் புடலையும் மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டன. தோண்டிப் பார்த்தேன், கூழாக இருந்தது. கீரை பேச்சே இல்லை. அம்மாவின் அவரை மட்டும், சுவர் ஓரமாகப் போட்டது, இந்த மாதத் தொடக்கத்தில் ஏழு முளைத்தது. இரண்டு இரண்டு இலை. தினமும் வேலைக்குப் போகுமுன் எண்ணிவிட்டுத்தான் போவேன். செவ்வாய்க்கிழமை காலை போய்ப் பார்த்தால் ஷீட்டின் மேலெல்லாம் வெள்ளையாகப் பனி. ஏழும் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. மிலான் வந்து, தோளில் தட்டிவிட்டு, தன் வீட்டில் வளர்த்த தக்காளி நாற்று ஆறு கொடுத்துவிட்டுப் போனான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஒரு தோட்டத்துக்காக அழுகிற வயதா எனக்கு?

தோட்டத்துக்காக இல்லை. உன்னிடம் மறைத்து வைத்ததுதான் காரணம். சொல்லிவிடுகிறேன்.

நான் பிப்ரவரி பத்தாம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று வருஷத்துக்கும். உன்னிடம் பேசியது அதற்குப் பிறகு. மே முப்பத்தொன்று என்பது உங்கள் பெயரைச் சேர்ப்பதற்கு மட்டும்தான். நான் இருப்பது அப்போதே முடிவாகிவிட்டது.

ஏன் என்று கேட்பாய். திரும்பி வந்தால் அதே ஒரகடம், அதே பஸ், அதே மூன்று ஷிப்ட். பதினாறு வருஷம் அந்த பஸ்ஸில் ஜன்னலில் தலை இடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். இங்கே வந்துதான் எட்டு மணி நேரம் படுத்துத் தூங்கினேன். என்னால் அங்கே திரும்ப முடியாது, செல்வி. அதை உன்னிடம் சொன்னால் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். முதலில் போட்டுவிடுவோம், பிறகு உன்னைச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். மண்ணை வெட்டியதெல்லாம் அதற்குத்தான்.

தப்புதான். திட்டு. ஆனால் வந்துவிடு.

பாபு


மண்ணூர்
மே 25, ஞாயிறு

அன்புள்ள பூஜா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அசதிதான் வந்தது. மத்தியானம் பாயைப் போட்டுப் படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன். அத்தை காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

உங்களுக்குப் பஸ் அலுத்துவிட்டது என்கிறீர்கள். அதே பஸ்ஸில்தானே நானும் வந்தேன், எனக்குத் தெரியாதா? நானும் ஒன்று மறைத்து வைத்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பொங்கல் லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், லைனில் நின்றுகொண்டே எனக்குக் கண் இருட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற சுகப்பிரியா பிடித்து உட்கார வைத்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். எனக்கு. யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வந்தவரிடம் அத்தை, "எம் மருமவ இன்னா தப்பு பண்ணிச்சி?" என்று சண்டைக்குப் போய்விட்டார். உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கி வைத்தேன். பிப்ரவரி மூன்றாம் தேதி தபாலில் வந்தது. பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன்.

நீங்கள் கேட்பீர்கள் என்று இருந்தேன். ‘செல்வி, இங்கேயே இருந்துவிடலாமா, நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்பீர்கள், அப்போது எடுத்துக் காட்டி உங்களை அசர வைக்கலாம் என்று தினமும் உங்கள் போனை எதிர்பார்த்துக் கிடந்தேன். அப்போது கேட்டிருந்தால் வந்திருப்பேன். பயந்துகொண்டே வந்திருப்பேன். ஊமையாக இருக்கவும் சம்மதித்திருப்பேன்.

நீங்கள் கேட்கவில்லை. மாதக் கடைசியில் போன் செய்து, வந்துவிடு என்றீர்கள். அது கேள்வி இல்லை என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. ஏன் அப்படிப் பட்டது என்று இப்போதுதான் தெரிகிறது.

நாங்கள் வரவில்லை. மே முப்பத்தொன்றுக்குக் காத்திருக்க வேண்டாம். மிலான் கொடுத்த நாற்றை வையுங்கள், வாடவிடாதீர்கள். நன்றாகத் தூங்குங்கள், இதை நான் குத்தலாக எழுதவில்லை. பூஜாவிடம் தினமும் பேசுங்கள், அவள் உங்கள் போனுக்குக் காத்திருக்கிறாள். அத்தையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பிள்ளை நீங்கள், நீங்களே சொல்லிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை பூஜாவைத் தண்டலம் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்த்தேன். பாரத்தில் அப்பா கையெழுத்துக்கு ஒரு இடம், அம்மா கையெழுத்துக்கு ஒரு இடம் இருந்தது. இரண்டு இடத்திலும் நானே போட்டேன். உங்களைக் கேட்கவில்லை.

மாரிசெல்வி