கதவோடு முடிகிற பாடம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். நீயும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலமா என்பதை இதை முழுவதும் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் பேசக்கூடாதா என்று கேட்பாய். சித்தியின் பேச்சை எடுத்தாலே உனக்கு எங்கிருந்தோ ஒரு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதமென்றால் நடுவில் வைத்துவிட்டுப் போக முடியாது. கிழித்துத்தான் போட வேண்டும், அதற்கு உனக்கு மனசு வராது.

முதலில் நல்ல சேதி. சித்தியின் வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. கட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்து, "ஏண்டி, உனக்கு இவ்வளவு நரை விழுந்திருக்குன்னு யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டாள். இடது கண்ணை இன்னும் கொஞ்ச நாள் கழித்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. கூடத்துக்கு வெள்ளை அடித்தோம், சித்தப்பா படம் மாட்டியிருந்த ஆணியை மட்டும் பிடுங்கவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போது படத்தைச் சுவரில் தொங்கவிடக்கூடாது என்று சித்தி என்றைக்கோ எடுத்துவைத்துவிட்டாள், உனக்கு நினைவிருக்கும்.

இனி விஷயம். கண் டாக்டரைப் பார்த்துவிட்டு ஒரு மத்தியானம் நேராகக் கல்லூரிக்கே சித்தியைக் கூட்டிப்போனேன். வீட்டில் விட்டு வர நேரமில்லை, வகுப்பு இருந்தது. வேறு ஏதோ பாடம் நடத்துவதாகத்தான் இருந்தேன். வாசலிலேயே முதல்வர் பிடித்துக்கொண்டார். நீ எழுதிய பாடத்தின் புதுப் பதிப்பு வந்துவிட்டதாம், ஆபீசிலிருந்து மாணவர்களுக்குக் கொடுத்தாயிற்றாம், இன்றைக்கே நடத்திவிடுங்கள் மேடம் என்றார். பழைய பாடம்தானே, நமக்குத் தலைகீழாகத் தெரியுமே என்று நானும் சரி என்றேன்.

சித்தி கடைசி பெஞ்சில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்துகொண்டாள். என்னடி சொல்லிக்கொடுப்பீங்க என்று கேட்டாள். எங்கோ ஒரு கம்பெனியில் நடந்ததைக் கதை மாதிரி எழுதிக் கொடுப்பார்கள், பிள்ளைகள் ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று பேசுவார்கள் என்றேன். "கூத்துன்னு சொல்லு" என்றாள்.

நான் அதை எப்போதும் தமிழில்தான் நடிக்கச் சொல்வேன். ஆங்கிலத்தில் ஒருவனை வேலையைவிட்டு அனுப்புவது இந்தப் பிள்ளைகளுக்கு ரொம்பச் சுலபமாக வருகிறது.

மோட்டார் தொழிற்சாலை. செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பிரிவை மூடப்போகிறார்கள். படிப்பு முடித்த கையோடு வந்த இளம் மேனேஜர், பிரிவின் சூப்பர்வைசரை அறைக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். நீ பாடத்தோடு சேர்த்துக் கொடுத்திருக்கிற விதிகளைக் கரும்பலகையில் எழுதினேன். எதிரே உட்கார், பக்கத்தில் உட்காராதே. நான் என்று சொல்லாதே, நிறுவனம் என்று சொல். சொந்தக் கதை பேசாதே. பேச்சை வளர்க்காதே. முடிந்ததும் நீயே எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடு. கதவைத் திறந்துவிடும் விதத்துக்குத் தனி மதிப்பெண் இருக்கிறது, மறந்திருக்க மாட்டாய்.

சூப்பர்வைசராக நடித்தது வகுப்பில் ஒட்டகம் என்று கூப்பிடுகிற நெட்டைப் பையன். மேனேஜராக வந்த பெண் வெகு சுத்தமாகச் செய்தாள். குரல் உயரவில்லை, தாழவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் சூப்பர்வைசருக்கு நீ வசனம் எழுதவில்லை. "அவர் மறுப்பேதும் சொல்லாமல் வெளியேறினார்" என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பையன் எழுந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "சரிங்க மேடம். நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை அண்ணா. நீ வேலையைவிட்டு அனுப்பிய அன்றைக்கு, காணாமல் போவதற்கு முன்பு, சித்தப்பா கதவருகே நின்று உன்னிடம் கேட்டது, "வீட்டுக்கு எப்ப வருவே? சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்றேன்" என்பதுதான். அதை நீ என்னிடம் ஒரே ஒரு முறை, வெளிநாடு கிளம்பும் முன்பு, பெட்டி கட்டிக்கொண்டே சொன்னாய். பாடத்தில் அது இல்லை. நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இந்தப் பையனுக்கு எங்கிருந்து வந்தது? ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் ஒவ்வொரு வருஷமும் சித்தப்பா அந்த அறைக்கு வருகிறார், புதுப்புது முகத்தோடு வருகிறார், வேலையை இழந்துவிட்டு வெளியே போகிறார். இந்த வருஷம்தான் வாயைத் திறந்தார் என்று என் மனசு சொல்கிறது. எத்தனை தடவை அடக்கினாலும் அப்படித்தான் சொல்கிறது.

திரும்பிப் பார்த்தேன். சித்தி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். மோட்டார், காயில், சூப்பர்வைசர் என்று கேட்ட பிறகு அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வகுப்பை அங்கேயே நிறுத்தியிருப்பேன். அதற்குள் ஒரு பெண், "மேடம், புதுசா ஒரு பக்கம் சேர்த்திருக்காங்க" என்று எழுந்து படித்து, தமிழிலும் சொல்லிவிட்டாள். பின்னுரை. உன் எழுத்து. அந்த சூப்பர்வைசர் பிறகு கடலோர ஊர் ஒன்றுக்குப் போய் மோட்டார் பழுதுபார்க்கும் சிறிய கடை வைத்தார், இன்றும் நடத்துகிறார், அந்த வேலை போனதே தன் வாழ்க்கையில் நடந்த நல்ல காரியம் என்று சொல்கிறார்.

ஒட்டகம் கையைத் தூக்கி, "மேடம், இது நெசமா?" என்றான். சித்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதினவரைக் கேட்க வேண்டும் என்றேன். அதைத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டோவில் வீடு நெருங்கும்போது சித்தி, "எந்தக் கடலாம்?" என்றாள். போடவில்லை சித்தி என்றேன். "உப்புக்காத்து அவருக்கு ஆகவே ஆகாதே, இழுப்பு வந்துடுமே, எப்படி இருக்காரோ" என்றாள்.

பாடத்தின் முதல் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறதே, சில விவரங்கள் பாடத்தின் தேவைக்காக மாற்றப்பட்டுள்ளன என்று. அதைக் காட்டிப் படித்துச் சொன்னேன். எங்கள் தொழிலில் இது வழக்கம், ஊரை மாற்றுவோம், பேரை மாற்றுவோம், தேவையென்றால் முடிவையும் மாற்றுவோம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று விளக்கினேன். சித்தி அமைதியாகக் கேட்டுவிட்டு, "சிலதைத்தானே மாத்துவான். எல்லாத்தையுமா மாத்துவான்? அவன் நான் வளர்த்த பிள்ளைடி, இதுல பொய் சொல்லமாட்டான்" என்றாள்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. பீரோவிலிருந்து அவருடைய சட்டையை எடுத்துத் துவைத்தாள். மடித்தே கிடந்ததால் மடிப்போடு கிழிந்துவிட்டது. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்து தைக்கிறாள். நடுநடுவே சிரிக்கிறாள், நடுநடுவே வரட்டும் அந்த மனுஷன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்கிறாள். ஒரு நாள் சாயங்காலம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அங்க அவருக்குத் துணைக்கு யாராவது இருப்பாளோ?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லும் முன்பே, "இருந்தா இருந்துட்டுப் போகட்டும். மனுஷன் உசுரோட இருந்தா போதும்" என்றாள். அழுதது நான்தான், அவள் இல்லை.

நீ வெளிநாடு போன பிறகு சித்தப்பாவைத் தேடி எத்தனை ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு நானும் அவளும் போயிருக்கிறோம் தெரியுமா? முகத்தைப் பார்க்க மாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். இவர் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஒரு சோடா வாங்கி முழுசாகக் குடிப்பாள். ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் அவருடைய சைக்கிள் பூட்டியபடி கிடைத்ததல்லவா, சாவி மட்டும் இல்லையே, சாவியைக் கையில் எடுத்துப்போனவர் திரும்பி வரத்தானே நினைத்திருப்பார் என்பது அவள் கட்சி. மெல்ல மெல்ல அதைச் சொல்வதைக்கூட விட்டிருந்தாள். ஆறின புண் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். ஒரு பக்கம் எழுதி அதை நீ கிளறிவிட்டாய்.

இப்போது வாசல் கதவுக்குப் பகலெல்லாம் தாழ்ப்பாள் கிடையாது. காற்றில் அசைந்தால் நிமிர்ந்து பார்க்கிறாள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. நானும் பார்க்கிறேன். உனக்கு ஒருவேளை ஏதாவது தெரிந்திருக்குமோ, அவர் உன்னை மட்டும் தேடி வந்து யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருப்பாரோ என்று பாழாய்ப்போன ஆசை எனக்கும் தொற்றிக்கொண்டது. படித்தவள், அதுவும் இதே கடையில் உட்கார்ந்து இதே சரக்கை விற்கிறவள், எனக்கே இப்படி.

முதல்வரிடம் போய் அந்தப் பக்கத்தை எடுங்கள் என்றேன். மனுஷர் கெட்டவர் இல்லை. முடிவு இல்லாத பாடம் பிள்ளைகளைச் சோர்வாக்குகிறதாம், வகுப்பு முடிந்ததும் அவர்கள் எழுதிக் கொடுக்கும் கருத்தில் இந்தப் பாடத்துக்குத்தான் மதிப்பெண் குறைகிறதாம், அதனால் நம்பிக்கை தருகிற மாதிரி ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லி அவர்தான் உன்னைக் கேட்டாராம். நீயும் உடனே அனுப்பினாயாம். சோர்ந்து போனால் போகட்டுமே சார், நாளைக்கு இவர்கள் நாலு பேரை வெளியே அனுப்பப் போகிறவர்கள், இன்றைக்குக் கொஞ்சம் தூக்கம் கெட்டால் என்ன குறைந்துவிடும் என்றேன். ஆசிரியர் எழுதியதை ஆசிரியர் சொன்னால்தான் எடுக்க முடியும் என்றுவிட்டார்.

அடுத்த வகுப்பில் நான் ஒரு காரியம் செய்தேன். கதவோடு பாடத்தை முடிக்கவில்லை. அதே நாள் சாயங்காலம், சூப்பர்வைசர் வீடு திரும்பவில்லை, மேனேஜர் போய் அவர் மனைவியிடம் சொல்ல வேண்டும், நடியுங்கள் என்றேன். மனைவியாக நடிக்க யாரும் வரவில்லை. மேனேஜராக நடிக்கவும் யாரும் வரவில்லை. இதற்கு என்ன விதி மேடம் என்று ஒரு பெண் கேட்டாள். இல்லை என்றேன். நம் படிப்பில் அந்தப் பக்கத்தை யாரும் எழுதவே இல்லை என்றேன். கடைசியில் ஒட்டகம்தான் கேட்டான், "அந்த மேனேஜர் போய்ச் சொன்னாரா மேடம்?" என்று. நீ அன்றைக்குக் கம்பெனி கெஸ்ட் ஹவுஸிலேயே தங்கிவிட்டாய். வேலை போன சேதியைச் சித்திக்குச் சொன்னது ஷிப்டு முடிந்து வந்த யாரோ. அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனாலும் அந்தப் பக்கத்தைப் பலமுறை படித்துவிட்டேன். பிள்ளைகளுக்காக மட்டும் நீ அதை எழுதியிருப்பாய் என்று தோன்றவில்லை. கடல், சின்னக் கடை, கோபமில்லாத மனுஷன். நீயும் எங்கோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாய்.

சித்தி அடுத்த வாரம் கிளம்புகிறேன் என்கிறாள். கடலோரத்து ஊர் ஒவ்வொன்றாக இறங்கி, மோட்டார் கடை எங்கே என்று விசாரிப்பாளாம். ஒற்றைக் கண். தடுத்தால், உன்னை வரச் சொல்லலையே என்கிறாள். நான் சொன்னால் நம்பமாட்டாள். நீ எழுதினதை நம்புகிறவள், நீ சொன்னால்தான் நம்புவாள்.

அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது இது. உன் மூலமாக அவருக்குச் சேர வேண்டுமாம்: "எனக்கு உங்க மேல கோவம் இல்லை. வேலை போனா போகட்டும். அதுக்காகவா வீட்டுக்கு வராம இருப்பாங்க? சட்டை தைச்சு வெச்சிருக்கேன்."

இதை அவரிடம் சேர்க்க உனக்கு வழி தெரியுமென்றால், உன் காலில் விழுகிறேன், சேர்த்துவிடு. தெரியாதென்றால் நீ கிளம்பி வா. வந்து நீயே சித்தியிடம் சொல். எதிரே நாற்காலி போட்டு உட்காராதே, அவள் பக்கத்தில் உட்கார். கையைப் பிடித்துக்கொள். நான் என்று ஆரம்பித்துச் சொல். நடுவில் எழுந்து கதவுப் பக்கம் போகாதே. அவள் அடிப்பாள், அடிக்கட்டும். பிறகு அவளே உன் தலையைத் தடவிக்கொடுப்பாள், எனக்கு அவளைத் தெரியும்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல். வேறென்ன எழுத? வீட்டுக்கு எப்போது வருவாய் என்று மட்டும் பதில் போடு. சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

உன் நலனையே வேண்டும்,
தங்கை