அழக் கூடாத வீடு

மதினி,

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஈர விறகின் புகை முகத்தில் வந்து மோதியது. பால்கோவாக் கடையின் பின்கட்டில் யாரோ அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த காலை. மேலே போக மனமில்லாமல் புகை தெருவோடு தவழ்ந்து போனது. வந்த வேலையை மறந்து நானும் அதன் பின்னாலேயே கொஞ்ச நேரம் நடந்தேன். நீங்கள் பிறந்த ஊர். எந்தச் சந்தில் திரும்பினாலும் எதிரே வருவீர்கள் போலிருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கிருந்துதான் என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு ராஜபாளையத்துக்கு வந்தீர்கள். அண்ணன் நூல் மில்லில் ஃபிட்டர். வீட்டில் அம்மாவும் நானும், ஒரு விறகடுப்பும். ஊதுகுழலை எடுத்து நீங்கள் நாலு ஊது ஊதினால் அடுப்பு பற்றிக்கொள்ளும். அடுத்த ஊதலில் குழல் கையை விட்டு நழுவும். வலது கை துவண்டு தொங்கும், பேச்சுக் குழறும். எல்லாம் பத்து நிமிடம்தான். பிறகு ஒன்றுமே நடக்காதது போல எழுந்து அரிசி களைவீர்கள்.

"என்ன மதினி செய்யுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கை இருக்குடி. ஆனா அது என் கையில்ல. ஊருணிக்குள்ள முங்கிக்கிட்டு உங்களையெல்லாம் பாக்குற மாதிரி இருக்கு," என்று சிரித்தீர்கள்.

நான் நம்பவில்லை. "வேலைக்கள்ளி" என்று அம்மா முணுமுணுத்தாள். நான் சத்தமாகவே சொன்னேன். எனக்குத்தான் எப்போதும் வாய் நீளமாயிற்றே.

ஒரு ஐப்பசி மழையன்று அடுப்பூதிய கையோடு குழம்புச் சட்டியைப் போட்டு உடைத்துவிட்டீர்கள். "இம்புட்டு நல்லா நடிக்கீகளே, நாடகக் கம்பெனில ஆளெடுக்காகளாம், போறீகளா?" என்று கேட்டேன். நீங்கள் தேம்பித் தேம்பி அழுதீர்கள். அழ அழ முகம் ஒரு பக்கமாகக் கோணியது. அன்று பத்து நிமிடத்தில் சரியாகவில்லை. பொழுது சாயும்வரை உங்கள் வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது.

அம்மா உங்கள் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினாள். மறுநாள் அவர் துண்டைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார்.

"நோவ மறைச்சுக் கட்டி வச்சுட்டீக. உங்க புள்ளயக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் அம்மா. அண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தேன். டிரங்குப் பெட்டியின் கொண்டியை மாட்ட முடியாமல், இன்னும் துவண்டே கிடந்த வலது கையோடு நீங்கள் தனியாக மல்லாடிக்கொண்டிருந்தீர்கள். ஆளில்லாத இடத்தில் எவளாவது நடிப்பாளா? அடுப்பூதினால் வருகிறது, அழுதால் வருகிறது, சும்மா இருக்கையில் வருவதில்லை. மூச்சில்தான் என்னமோ இருக்கிறது என்று அப்போதுதான் புத்தியில் உறைத்தது.

"எம்மா, மதினி எங்கயும் போக வேணாம். மொதல்ல மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டுவோம்," என்றேன். அம்மா என்னை முறைத்தாள். அதற்குள் அண்ணன் சட்டையை மாட்டிவிட்டான்.

மதுரையில் ரத்தக்குழாய்க்குள் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மண்டையோட்டின் நடுவில் மெல்லிய புகை ஒன்று சுருண்டு நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் கலையாத புகை. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குத் தூக்கம் வருவது போலிருந்தது.

"மூளைக்குப் போற பெரிய குழாய்கள் கொஞ்சங் கொஞ்சமா அடைபடுது. மூளை சும்மா இருக்குமா? பொடிப்பொடியா வேற குழாய்கள வளத்துக்கிடுது. அதுதான் புகையாத் தெரியுது. ஜப்பான்காரங்க இதுக்கு மொயமொயான்னு, அவங்க பாஷைல புகைமூட்டம்னு, பேர் வச்சிருக்காங்க. வேகமா மூச்சு விட்டா இருக்குற குழாயும் சுருங்கும், ரத்தம் பத்தாது. அடுப்பூதக் கூடாது. தேம்பி அழக் கூடாது," என்றார்.

அம்மா காதில் விழுந்தது புகை என்ற ஒரு சொல்தான். "ஐயையோ! ஈர வெறகக் குடுத்து ஊதச் சொன்னேனே! அந்தப் புகைதான் எம் மருமக தலைக்குள்ள ஏறிருச்சு!" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். நான் திருத்த வாயெடுத்தேன். நீங்கள் கண்ணாலேயே தடுத்தீர்கள். நல்லவேளை, தடுத்தீர்கள். தன்மேல் குற்றமில்லை என்று தெரிந்தால் அம்மா மறுபடியும் பெட்டி கட்டச் சொல்லியிருப்பாள்.

பிறகு மெட்ராஸில் ஆபரேஷன் நடந்தது. தலைத்தோலில் ஓடும் குழாய் ஒன்றை மூளையின் குழாயோடு சேர்த்துத் தைத்தார்கள். கை விழுவது குறைந்தது. வீட்டுக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது, அதைக்கூட அம்மா உங்களைத் தொட விடவில்லை. "அவ கண்ணுல தண்ணி வரட்டும், பொறவு இருக்கு உங்களுக்கு!" என்று எங்களை மிரட்டி வைத்திருந்தாள். கோபம் வந்தால் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவான். நான்கூடப் பேச்சை மென்று விழுங்கப் பழகினேன். உங்கள் அப்பா இறந்த செய்தியை அரை நாள் எடுத்துக்கொண்டு, துளித்துளியாக உங்களுக்குச் சொன்னோம். இப்போது நினைத்தால் அந்த வருடங்கள் கனவில் நடந்தவை போல இருக்கின்றன. ஒரு வீடு முழுக்க ஆட்கள் ஒருவரோடொருவர் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பொடிக் குழாய்களில் ஒன்று வெடித்துவிட்டது. "தலை வலிக்குடி" என்று ஒரு சாயங்காலம் படுத்தீர்கள், எழுந்திருக்கவில்லை. தெருவே கூடி மாரடித்து அழுதது. அம்மா ஒருத்திதான் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள்: "அவ பக்கத்துல உக்காந்து அழாதீக. அவளுக்கு ஆகாது."

மதினி, அந்த மழை நாளில் நான் கேட்ட கேள்விக்கு உங்களிடம் மன்னிப்பே கேட்கவில்லை. எத்தனையோ தடவை நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் நீங்கள் அழுதுவிடுவீர்கள் என்ற பயத்திலேயே காலம் போய்விட்டது. இத்தனை வருடமாக அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன். இப்போது கேட்கிறேன். என்னை மன்னிச்சிருங்க மதினி. அழணும் போல இருந்தா அழுங்க. இனி உங்களுக்கு ஒண்ணும் செய்யாது.