பறவைப் பால்

வார்சா, மார்ச் 1983

ஹென்ரிக்,

மூன்று மாதம் கழித்து உன் கடிதம் வந்தது. நானும் மகள் ஹனியாவும் ஹாம்பர்க் வருவதற்கான அழைப்புக் கடிதம் இருக்குமென்று உறையை உதறிக்கூடப் பார்த்தேன். நீ கேட்டிருப்பது ஒரு பெட்டி பறவைப் பால். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நீ குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி உர்சுலா கேட்கிறாளாம். அவள் பெயர் நான்கு இடத்தில் வருகிறது, ஹனியா பெயர் ஒரு இடத்தில்.

அந்தச் சாக்லேட் மிட்டாயை இங்கே யாரும் தின்பதில்லை, லஞ்சமாகத்தான் கொடுக்கிறோம். மறந்துவிட்டாயா? ஐந்து மணி நேரம் வரிசையில் நின்று ஒரு பெட்டி வாங்கிப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். "அழைப்புக் கடிதம் இல்லாம எங்க போவே? அதை எழுத நேரமில்லாத அளவுக்கு உன் புருஷனுக்கு அங்க என்னம்மா வேலை?" என்றாள் அந்த அதிகாரி. ஆனாலும் பெட்டிக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

பெயர்க் காரணம் எழுதுகிறேன். எல்லாம் வாய்த்த பணக்காரனைப் பார்த்து, இனி உனக்குப் பறவையின் பால் ஒன்றுதான் பாக்கி என்று அந்தக் காலத்தில் கேலி செய்வார்களாம். அதையும் விற்றுவிடலாம் என்று ஒரு மிட்டாய்க்காரனுக்குத் தோன்றியிருக்கிறது. உர்சுலாவுக்குச் சுலபமாகப் புரியும். அவளிடம் இப்போது எல்லாம் இருக்கிறது.

இதை ஹனியாவிடமும் சொன்னேன். "நமக்கு என்னென்னம்மா பாக்கி?" என்று கேட்டு, சோப்பு, செருப்பு, கறி என்று அவளே பத்து விரலையும் மடக்கினாள். நீ அதில் வரவில்லை.

பெட்டியைத் திறந்து இருவரும் மிச்சமில்லாமல் தின்றோம்.

சட்டப்படி இன்னும்,
உன் மனைவி