ஏழாம் நம்பர் வாக்கிடாக்கி

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

கோபம் தீர்ந்ததா, இன்னும் மூக்கு நுனியில்தான் இருக்கிறதா? டயாலிசிஸ் செய்துகொள்ள வழியில்லாதவர்களுக்கான நம் இசைவிழா இந்த வருஷம் பதினைந்தாம் தேதி. ஆளுக்கொரு நம்பர் வாக்கிடாக்கியோடு ஓடியாடும் நம் சம்பளம் வாங்காத கூட்டத்தில், நீ போனபின் ஆறே பேர்தான். உன் ஏழாம் நம்பர் வாக்கிடாக்கியைப் பேட்டரி கழற்றி என் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அத்தனை பேர் காதிலும் விழ, "ஏழு, நீ ஒண்ணுக்கும் உதவமாட்டே, கிளம்பு"ன்னு அதில் கத்தினேனே, தப்புத்தான்டா. நிகழ்ச்சிக்கு முன் ஒன்றாம் நம்பரான நான் வாக்கிடாக்கியில் வரிசையாக எல்லாரையும் "ரெடியா?" என்று கூப்பிடும்போது ஆறோடு நிறுத்த மனசே வருவதில்லை. வந்துவிடு.

உன் அக்கா

மார்ச் 8

அக்காவுக்கு,

அன்றைக்குத்தான் எனக்கு வயிற்றில் ஆபரேஷன். சின்னதுதான். அது இல்லாவிட்டாலும் வந்திருக்கமாட்டேன். திட்டினது ஊருக்கே கேட்டது; மன்னிப்பு மட்டும் கடிதத்தில் ரகசியமாகவா?

தம்பி

மார்ச் 16

என் செல்லத்துக்கு,

நேற்று வாக்கிடாக்கியில் எல்லாரும் கேட்க, "ஏழு, என்னை மன்னிச்சிடுடா. ரெடியா?" என்றேன். "ரெடிக்கா" என்றாயே! உன் குரலேதான். நாலாம் நம்பர் டீச்சர் அழுதேவிட்டாள். சந்தோஷத்தில் நாக்கு நிற்காமல், இல்லாத எட்டாம் நம்பரையும் "எட்டு?" என்று கூப்பிட்டுத் தொலைத்தேன். அதற்கும் சளி கட்டிய குரல் ஒன்று "ரெடி" என்றது. யாரோ விளையாடுகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் வந்து பார்த்தால் உன் வாக்கிடாக்கி பேட்டரி இல்லாமல் இழுப்பறையிலேயே இருக்கிறது. ஆபரேஷன் என்று புளுகிவிட்டு எங்கே ஒளிந்திருந்தாய், திருட்டுப் பயலே?

அக்கா

மார்ச் 24

அக்கா,

நான் வரவில்லை. மயக்கத்தில் கிடந்தேன். நடுவில் இதயம் இரண்டு நிமிஷம் நின்றுபோனதாம். அப்போது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, சளி கட்டிய குரலில், "கிளம்பலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். நீ கூப்பிட்டாய். உனக்குப் பதில் சொன்னேன். கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

அடுத்து நீ "எட்டு" என்றாய். அவர் "ரெடி" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அங்கே புதிதாக யாராவது வந்தார்களா? உடனே எழுது.

தம்பி

ஏப்ரல் 20

அக்கா,

உன்னிடமிருந்து பதிலே வராமல் நான் எழுதும் நான்காவது கடிதம் இது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை. டாக்டர் நடக்க விட்டதும் முதல் வண்டியில் வருகிறேன். அதுவரை, அவர் "கிளம்பலாமா?" என்று கேட்டால் பதில் சொல்லாதே. எனக்கு மட்டும் சொல்.

நான்தான் கூப்பிடுகிறேன். ஒன்று?

அக்கா, ஒன்று?

ஏழு