மரச் சீப்பு

மகனுக்கு,

சத் ஸ்ரீ அகால். போனை நீ எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். கோதுமை அறுத்தாகிவிட்டது. எருமை கன்று போட்டிருக்கிறது. புதன்கிழமை உன் அப்பா போய்விட்டார்.

புற்றுநோய் மருந்தில் அவருக்குத் தலைமுடி, தாடி எல்லாம் கொட்டிவிட்டது. உள்ளே கொண்டை இல்லாததால் தலைப்பாகை நிற்காமல் காதுவரை சரிந்தது. காலையில் மரச் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். இத்தாலிக்குக் கிளம்பும் முன் நீ முடியை வெட்டிக்கொண்ட அன்று, "முடிய வெட்டினவன் சீக்கியனும் இல்ல, எம்மகனும் இல்ல" என்று உன்னை வாசலிலேயே நிறுத்தியவர்.

ஒரு நாள் கேட்டார். "அவன் முடிய நீ எறிஞ்சிருக்க மாட்டே. எங்க வச்சிருக்க?"

டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தேன். அதைக் கொண்டையாகச் சுருட்டி உச்சியில் வைத்து, சீப்பைச் செருகி, மேலே தலைப்பாகை கட்டினேன். தலையை ஆட்டிப் பார்த்தார்.

"நிக்குது" என்றார். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான் கட்டினேன்.

கடைசியாகக் குளிப்பாட்டியபோது கொண்டை உன் சித்தப்பா கையோடு வந்துவிட்டது.

"யார் முடி அண்ணி இது?"

"அவரோடதுதான். வச்சுக் கட்டுங்க."

சீப்போடு சேர்த்துக் கட்டினார். கொள்ளியும் அவரே வைத்தார். சிதை எரியும்போது பக்கத்து வீட்டுக்காரி என் காதருகே குனிந்து, "மகன் வரலையா?" என்றாள்.

"வந்திருக்கான்" என்றேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா