மூன்றாம் பாகத்தில் போட்ட மாலை

முள்ளியவளை,
02.09.2017

அன்புள்ள தயாபரனுக்கு,

நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க அம்மாளாச்சியை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நானும் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதை விடுவோம். வாழ்க்கையில் கடிதமே எழுதாதவன் ஏன் எழுதுகிறான் என்று யோசிப்பாய். பத்து நாளாகப் போன் எடுக்கிறேன், நீ தூக்குகிறாயில்லை. வைபரில் அனுப்பியதை நீ பார்த்ததாகக் காட்டுகிறது, பதிலைக் காணோம். குரல் பதிவு போடப் பார்த்தேன். இரண்டு தரமும் பாதியில் அழித்துவிட்டேன். கடிதம் என்றால் இடையில் நிறுத்தி வெளியே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து தொடரலாம். இந்த ஒரு பக்கத்துக்குள் மூன்று தரம் சைக்கிளை எடுத்துவிட்டேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்முடைய ‘பாழ்வளவு’ பேய்ப்படத்தின் மூன்றாம் பாகம் கடைகளுக்குப் போய் மூன்று கிழமை. எங்களுக்கு எங்கே தியேட்டர்? நேரே வீட்டு ரீவிக்குத்தான். முல்லைத்தீவிலும் புதுக்குடியிருப்பிலும் டிஸ்க் போட்ட அன்றே முடிந்துவிட்டது. டிஸ்க் போட வசதியில்லாதவர்கள் பென் டிரைவைக் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். முதலாம் பாகத்தில் பேயை எரித்தோம், இரண்டாம் பாகத்தில் பேயின் தங்கச்சி வந்தாள், இதில் பேயின் செத்த புருசனையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம். இனி அந்தக் குடும்பத்தில் ஆரடா மிச்சம் என்று சந்தியில் கேட்டுச் சிரிக்கிறார்கள். பேயாக நடித்த லக்சிகாவின் பாடுதான் மோசம். அவள் முன்பள்ளி ரீச்சர் அல்லவா? இரண்டு பிள்ளைகள் உள்ளே வரமாட்டோம் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார்களாம். பீற்றூட் சாறும் முகப்பவுடரும் இவ்வளவு வேலை செய்யும் என்று நானே நினைக்கவில்லை.

பாதிப் பெருமை உனக்குத்தான். நாங்கள் பட்டப்பகலில் எடுத்து அனுப்புவதை நீ சுவிஸில், பேர்ணில் இருந்துகொண்டு கம்ப்யூட்டரில் இராவாக்கித் தருகிறாய். வெயில் கொளுத்துகிற வளவை அப்படி இருட்டாக்க உன்னை விட்டால் ஆள் இல்லை. சும்மா சொல்லவில்லை.

இனிப் பிழையைச் சொல்கிறேன். தொடங்கி வைத்தது நான்தான், அதை மறைக்க மாட்டேன்.

நம்முடைய மதுசனின் அம்மா மீனம்மா மாமி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும்போது தன் வீட்டுத் திறப்பைத் தந்துவிட்டுப் போனார். உங்கடை பேயை வடிவா எடுங்கோ, சாமியறைக்குள்ளை மட்டும் விட்டிடாதேங்கோ என்று பகிடி வேறு விட்டார். சண்டையில் காணாமல் போன மகன் வந்து சேர வேண்டும் என்று எட்டு வருசமாக அந்தக் கோயிலுக்கு அவர் நடந்தே போகிறது உனக்குத் தெரியும். பொங்கல் திங்கட்கிழமை ஊர் முழுக்க அங்கே நிற்கும், வீதியில் ஆட்டோச் சத்தம்கூட இருக்காது, வசனம் துப்புரவாகப் பதியும் என்று அந்த நாளைப் பிடித்தேன். அம்மாளாச்சியின்ரை நாளிலை பேய்ப்படமோ என்று லக்சிகா வாயில் கை வைத்தாள். நான் கேட்டேனா?

செத்த புருசனின் படம் சுவரில் மாலையோடு தொங்க வேண்டும். புருசனாக நடித்த சிவராசா அண்ணையின் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருந்தேன். ஸ்ரூடியோக்காரன் கதவைப் பூட்டிக்கொண்டு அவனும் பொங்கலுக்குப் போய்விட்டான். வெயில் இறங்குவதற்குள் முடிக்க வேண்டும். விறாந்தைச் சுவரில் மதுசனின் படம் தொங்கியது. பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படிக்கிற காலத்தில் எடுத்தது, வெள்ளைச் சேட்டு, எண்ணெய் வைத்துப் படிய இழுத்த தலை. தூரத்தில் நின்று எடுத்தால் முகம் தெரியாது, ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். மாலையை நானே போட்டேன். கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்ததும் நான்தான், கீழே விளக்குக் கொளுத்தியதும் நான்தான். தயா, எங்கள் சனத்துக்கு அது என்ன என்று எனக்குத் தெரியாதா? மரணச் சான்றிதழை எடுங்கோ, மாலையைப் போடுங்கோ என்று எத்தனை பேர் வந்து சொல்லியும் அந்த மனிசி அசையவில்லை. மாலை போட்டால் பிள்ளை செத்தவன், அவ்வளவுதான். அதை நான் ஒரு பிளாஸ்ரிக் மாலையால் செய்து முடித்தேன். டேய், அந்தப் பெடியன்ரை படம் வேண்டாமடா என்று சிவராசா அண்ணை வாசலில் நின்று சொன்னார். எனக்கு அவசரம். முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, இருந்தபடி விட்டேன். மாமி அடுத்த நாள் கோயில் பொங்கல் கொண்டுவந்து தந்தார். வெட்கமில்லாமல் வாங்கித் தின்றேன்.

கதவடியில் நின்று எடுத்த துண்டை மட்டும் போடு, கிட்ட எடுத்தது கமராவை நிறுத்த மறந்து பதிந்தது, அதை எறிந்துவிடு என்று உனக்குச் சொன்னேன். ஓம் என்று நீயும் பதில் போட்டாய். நான் முழுக்கப் பாராமலே கடைக்குக் கொடுத்தேன், அதுவும் என் பிழை.

படம் வந்த அன்று பின்னேரம் அயலில் கௌசலா அக்கா வீட்டில் எல்லோரும் கூடிப் பார்த்திருக்கிறார்கள். உங்கடை வீடு ரீவியிலை வருது, வாங்கோ என்று மாமியைக் கூட்டிக்கொண்டுபோய் முன் கதிரையில் இருத்தினார்களாம். படம் முழுக்க இருட்டு. அந்த இடத்தில் மட்டும் மதுசனின் முகம் பளிச்சென்று வருகிறது, மாலையோடு, பொட்டோடு. பிறகு நான் போட்டு எண்ணிப் பார்த்தேன், பதினொரு செக்கன். மாமி எழும்பி, வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாராம்.

அடுத்த நாள் காலை என்னிடம் வந்தார். அடிப்பார், மண் அள்ளித் தூற்றுவார் என்று பயந்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். கதிரை நுனியில் இருந்துகொண்டு, தம்பி, உனக்கு ஆரோ சொல்லியிருக்கினம் என்ன, என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லேலாமல்தானே இப்பிடிப் போட்டனி என்று கேட்டார். இல்லை மாமி, எனக்கு ஒன்றும் தெரியாது, அவசரத்தில் செய்த விசர் வேலை என்று காலில் விழுந்தேன். நம்பவில்லை. கூடப் படிச்சவன் சும்மா மாலை போடுவானோ என்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறதுதானே.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வருகிறார். தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பதில்லை. மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கு முன்னால், காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் போராட இருக்கிற கொட்டகைக்கும் போவதை நிறுத்திவிட்டார். நான் அங்கை போய் என்ரை பிள்ளையைத் தா எண்டு கேக்கிறதோ, இல்லாட்டி வீட்டிலை இருந்து அவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யிறதோ, ஒண்டைச் சொல்லு தம்பி என்கிறார். மற்ற ஊர்க் கடைகளில் மிஞ்சிய டிஸ்க் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துவிட்டேன். பென் டிரைவில் போனதை எங்கே போய்ப் பிடிக்கிறது? நீயும் அங்கே ஒரு கடைக்கும் கொடுக்காதே. நாலாம் பாகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இனி, பத்து நாளாக உன்னிடம் கேட்க அலைந்ததைக் கேட்கிறேன். கோபித்தால் கோபி.

மூன்று பேரும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். சண்டையின் கடைசி நாட்களில், இராணுவத்தின் பக்கம் போகிற வட்டுவாகல் பாலத்தைக் கடக்க முன்னம், நீயும் மதுசனும் ஒன்றாகப் போனதை என் கண்ணால் கண்டேன். நீ அகதி முகாமுக்கு வந்தாய், அவன் வரவில்லை. சனத்துக்குள்ளை தவறவிட்டிட்டன் என்று மாமிக்கு ஒரு தரம் சொன்னாய். அதற்குப் பிறகு அந்தக் கதை வந்தாலே எழும்பிப் போவாய். எட்டு வருசம் நானும் கேட்கவில்லை. எறியச் சொன்ன துண்டை ஏனடா போட்டாய்? எல்லாவற்றையும் இருட்டாக்கியவன் அவன் முகத்தை மட்டும் ஏன் வெளிச்சமாக விட்டாய்? நான் அவசரத்தில் மாலை போட்டேன். நீ அவசரத்தில் போட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இதை மாமிக்கு நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். என்ன நடந்தது என்று எனக்கும் நீ எழுத வேண்டாம். அவருக்குச் சொல்லு. அந்த நேரத்தில் அவனை விட்டுவிட்டு ஓட வேண்டி வந்தது என்றால் ஓடினேன் என்று சொல்லு. ஆர் உன்னைப் பிழை சொல்லப் போகிறார்கள்? நானும் ஓடி வந்தவன்தான். உனக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியாது, துண்டு மாறிப் போட்டுவிட்டாய் என்றால் அதையே சொல்லு. நீ சொன்னால் அவர் நம்புவார், திரும்பவும் கொட்டகைக்குப் போவார். இரண்டில் எது என்றாலும் பரவாயில்லை. இப்படி இரண்டுக்கும் நடுவில் அந்தத் தாயை நிறுத்தி வைத்திருப்பதுதான் பாவமடா, அந்தப் பாவம் நம் இருவருக்கும் வேண்டாம்.

அவருடைய நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்கு நான் அவர் வீட்டில் இருப்பேன், அப்போது உனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். போனை நான்தான் அவர் காதில் பிடிப்பேன். நீ என்ன சொன்னாலும் அவரைத் தனிய விட்டுவிட்டு எழும்ப மாட்டேன், இது சத்தியம். அம்மாளாச்சி உன் பிள்ளையை நூறு வயதுக்கு உன் கண்முன்னால் வைத்திருக்கட்டும். எடுத்து அவரோடு கதையடா, தயா.

உன்
செந்தூரன்